சென்னைப் புறநகரிலிருந்து இருட்டைத் தேடிப் போவது எப்படி: வானம் பார்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2009-இல் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் தெருவில் மொத்தம் ஏழு வீடு. தெருவிளக்கு முனையில் ஒன்றே ஒன்று, மஞ்சள் சோடியம் விளக்கு. மாசி மாதம் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால், தலைக்கு மேல் பூச நட்சத்திரம் துணியில் பால் சிந்திய கறை போலத் தெரியும். இப்போது தெருவில் அறுபது வீட்டுக்கு மேல். பின்னால் இரண்டு அடுக்குமாடிகள். கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை எல்இடி. பூசம் போய்ப் பல வருடம் ஆகிறது.

நடுவில் ஒரே ஒரு முறை வானம் திரும்பி வந்தது. 2023 டிசம்பர் 5, மிக்ஜாம் புயலுக்கு மறுநாள். மழை விட்டிருந்தது, கரண்ட் இல்லை, நிலா நள்ளிரவுக்குத்தான் எழும். ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் மேக இடைவெளியில் மங்கலாக ஒரு திட்டு. "என்னப்பா அது, மேகமா?" என்று மகன் கேட்டான். மேகமில்லை, ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம். அந்த வெளிச்சம் கிளம்பி இருபத்தைந்து லட்சம் வருடம் ஆகிறது. எங்கள் மாடியில் வெறுங்கண்ணுக்கு அது கிடைக்க ஒரு புயல் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் கரண்ட் வந்ததும் தெருவே கைதட்டியது. நானும்தான்.

புயலுக்காகக் காத்திருக்க முடியாது என்பதால் இந்த வழிகாட்டி. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "சென்னையிலிருந்து எவ்வளவு தூரம் போகணும்?" என்று. பல வருடம் அலைந்து நான் கற்றது, தூரத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது திசை. ஏன் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

படி 1: முதலில் உங்கள் மாடியை அளந்துகொள்ளுங்கள்

எதை இழந்திருக்கிறோம் என்று தெரியாமல் எதைத் தேடிப் போவது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பஞ்சாங்க நட்சத்திரங்களே போதும்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை முன்னிரவில் கார்த்திகை நட்சத்திரம் உயரத்தில் இருக்கும். பழந்தமிழில் அதற்கு அறுமீன் என்று பெயர். ஆறும் தனித்தனியாகப் பிரிந்து தெரிகிறதா, நாலுதான் தெரிகிறதா, வெறும் புகையாக இருக்கிறதா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் கையை நீட்டிக் காட்டுவார்களே, அதேதான். பங்குனி முதல் வைகாசி வரை முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நிற்கும். அதன் வாலில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. அதன் ஒளியளவு 4. (இந்தக் கணக்கில் எண் கூடக் கூட மங்கல். நல்ல இருட்டில் சாதாரணக் கண் 6 வரை பார்க்கும்.) அருந்ததி தெரியவில்லை என்றால் கல்யாணம் செல்லாது என்று பயப்பட வேண்டாம், உங்கள் வானம் 4-ஐக்கூடத் தொடவில்லை என்று பொருள்.

மூன்றாவது பூசம். என் கணக்கில் நமக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. கடக ராசியின் நடுவில் இருக்கும் நட்சத்திரக் கூட்டம் இது. மாசி அமாவாசையை ஒட்டி ராத்திரி பத்து மணி வாக்கில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும், அதாவது உங்கள் வானத்திலேயே ஆக இருட்டான இடத்துக்கு. அங்கேயும் அது திட்டாகத் தெரியவில்லை என்றால் வேறு எங்கு பார்த்தும் பயனில்லை. தைப்பூசத்தன்று தேடாதீர்கள். அன்று பௌர்ணமி நிலாவே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆங்கிலக் கையேடுகளில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள சின்னக் கரடி மண்டலத்தை வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள். அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. சென்னையில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 13 பாகைதான் உயரம். கூடுவாஞ்சேரியிலிருந்து பார்த்தால் அது தாம்பரத்து வெளிச்சத்துக்குள் முங்கிக் கிடக்கிறது. நான் முதல் இரண்டு வருடம் அந்தக் கையேட்டை நம்பி, கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வானத்தின் தரத்தைச் சொல்ல உலகம் முழுக்கப் புழங்குவது போர்ட்டில் அளவுகோல். ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானம் பார்ப்பவர் 2001-இல் வெளியிட்டது. 1 என்றால் கன்னி இருட்டு, 9 என்றால் நகரத்தின் மையம். இணைய வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் 'போர்ட்டில் 4' என்று பளிச்சென்று வரும். அது கணக்குப் போட்டு வந்த எண். போர்ட்டில் சொன்னதோ, கண்ணுக்கு எது தெரிகிறது என்பதை வைத்துத் தரம் பிரிக்கும் முறை. கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 2: எந்த வெளிச்சம் உங்கள் எதிரி என்று பிரித்துப் பாருங்கள்

வெளிச்சத்தில் இரண்டு வகை. ஒன்று, நேரே கண்ணில் அடிப்பது. எதிர்வீட்டு போர்ட்டிகோ விளக்கு, அடுக்குமாடியின் ஃபோகஸ் லைட், பக்கத்து மண்டபத்தின் சீரியல் செட். இன்னொன்று, காற்றில் சிதறி வானம் முழுக்கப் பரவி நிற்பது.

முதல் வகையை வீட்டிலேயே சமாளிக்கலாம். மாடியில் தண்ணீர் டேங்கின் நிழல் விழும் மூலை தங்கம். இரண்டு மூங்கில் கழி, ஒரு கறுப்புப் போர்வை இருந்தால் ஒரு பக்கம் அடைத்துவிடலாம். எங்கள் பின்பக்கத்து அடுக்குமாடியில் ஒரு ஃபோகஸ் லைட் நேரே எங்கள் மாடியைப் பார்த்து எரிந்தது. நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, "தரையைப் பார்த்துத் திருப்பினால் வாட்ச்மேனுக்கு கேட் நன்றாகத் தெரியும்" என்று சொன்னேன். அன்றைக்கே திருப்பினார்கள். தெருவிளக்காக இருந்தாலும் "அணையுங்கள்" என்று கேட்காதீர்கள், நடக்காது. "கீழே திருப்புங்கள், மேலே ஒரு மூடி போடுங்கள்" என்று கேளுங்கள்.

இரண்டாவது வகைக்கு வீட்டில் மருந்து இல்லை. எல்இடி வந்த பிறகு அது இன்னும் மோசம். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி அலைநீளம் 589 நானோமீட்டர். வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டரை ஒட்டி நீல ஒளி தூக்கலாக இருக்கும். அலைநீளம் குறையக் குறையக் காற்றில் ஒளி சிதறுவது நான்காம் அடுக்கில் கூடுகிறது. பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. கணக்குப் போட்டால் அந்த நீலம் மஞ்சளைப் போல மூன்று மடங்கு சிதறும். எல்இடி வாங்கும்போது பெட்டியில் பாருங்கள்: 6500 கெல்வின் வேண்டாம், 3000-க்குக் கீழே உள்ள வார்ம் ஒயிட் வாங்குங்கள். வீட்டுக்கும் கண்ணுக்கு இதம்.

படி 3: தூரம் அப்புறம், முதலில் திசை

மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் 1970-களில் கலிபோர்னியா நகரங்களின் வெளிச்சத்தை அளந்து ஒரு வாய்பாடு சொன்னார். நகரத்திலிருந்து உள்ள தூரம் இரட்டிப்பானால் அதன் வெளிச்சம் பாதியாவதில்லை, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் எண்பது கிலோமீட்டர் போனாலும் சென்னையின் வெளிச்சம் தொடுவானத்தில் ஒரு குடை போல நிற்கும். அந்தக் குடை உங்களுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாம் இருப்பது 13-ஆம் அட்சரேகை. ஐரோப்பாக்காரர்கள் கப்பலேறி வந்து பார்க்க ஆசைப்படும் தென்வானம் நமக்கு வீட்டு வாசலில் இருக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து தெற்கே 30 பாகை உயரம் வரை வரும். தென்சிலுவை 17 பாகை. அகத்தியர் நட்சத்திரம் 24. பால்வெளியின் மையம் மூலம், பூராடம் இருக்கும் பக்கம், அதுவும் தெற்குதான், 48 பாகை. வடக்கே தாழ்ந்த பகுதியில் இதற்கு ஈடாக அதிகம் இல்லை.

ஆகவே நகரத்தை வடக்கே விட்டுவிட்டுத் தெற்கே போங்கள். வெளிச்சக் குடை துருவ நட்சத்திரத்தின் மேல் விழட்டும், அதனால் பெரிய நஷ்டமில்லை. பழவேற்காடு பக்கம் வடக்கே போனால் தூரம் என்னவோ குறைவு. ஆனால் சென்னை முழுவதும் உங்களுக்குத் தெற்கில் நிற்கும், தென்சிலுவை அதில் கரைந்துவிடும்.

கோயம்புத்தூர்க்காரர்கள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வரலாம். ஆனால் தெற்கே ஆனைமலை மறைக்காத இடமாகப் பாருங்கள். மதுரைக்காரர்களுக்குத் திருமங்கலம் தாண்டித் தெற்கே, திருச்சிக்காரர்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் ஒரு வானியல் ஆய்வுக்கூடம் கட்டியது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அந்த நட்சத்திரம் சென்னையில் உச்சத்துக்கு வந்தாலும் தெற்கே 14 பாகைதான் உயரம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது 10 பாகை. அப்படியானால் ஒன்றரை முஷ்டி. இன்று நுங்கம்பாக்கத்தில் நின்று தெற்கே ஒன்றரை முஷ்டி உயரத்தைப் பாருங்கள். அடையாறும் வேளச்சேரியும் ஓஎம்ஆரும் சேர்ந்து எரிகிற வெளிச்சம்தான் தெரியும்.

படி 4: வரைபடத்தில் இடம் தேடுங்கள், ஆனால் அதை முழுசாக நம்பாதீர்கள்

ஒளி மாசு வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செயற்கைக்கோள் இரவில் எடுத்த படங்களை வைத்துச் செய்தது. இரண்டு குறைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணி வாக்கில். எட்டு மணிக்கு எரிந்து பதினோரு மணிக்கு அணைகிற கடை விளக்குகள் அதன் கணக்கில் வராது. இன்னொன்று, அந்தக் கருவிக்கு 500 நானோமீட்டருக்குக் கீழே கண் தெரியாது. எல்இடியின் நீலம் முழுக்க அதற்குக் கீழேதான். சோடியத்தை எடுத்துவிட்டு எல்இடி மாட்டிய ஊர் படத்தில் இருட்டிவிட்டது போலக்கூடத் தெரியலாம். நேரில் போனால் வானம் வெளுத்திருக்கும்.

வரைபடத்தில் நாலைந்து இடம் குறித்த பிறகு, அதே இடங்களைப் பகல்நேரச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். சிப்காட், சுங்கச்சாவடி, கல்குவாரி, பொறியியல் கல்லூரி, கடலோரமானால் இறால் பண்ணை: இவை எல்லாம் ராத்திரி முழுக்க எரியும். ஒரு சுங்கச்சாவடி பத்து கிலோமீட்டரைக் கெடுக்கும்.

இன்னும் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மனைப்பிரிவு. வயலுக்கு நடுவே கட்டம் கட்டமாகச் செம்மண் சாலை தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். இப்போதெல்லாம் மனை போடுகிறவர்கள் வீடு வரும்வரை காத்திருப்பதில்லை. முதலில் ஆர்ச், அப்புறம் கறுப்பும் வெள்ளையும் அடித்த எல்லைக்கல், அதன் பின்னாலேயே தெருவிளக்கு. மதுராந்தகம் தாண்டி ஒரு மனைப்பிரிவில் நின்று எண்ணினேன். ஒரு வீடுகூட இல்லை, முப்பத்தெட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடியில் இரண்டு மாடு படுத்திருந்தன. விளக்கு எரிந்தால்தான் பார்க்க வருகிறவர்களுக்கு அது ஊர் மாதிரித் தெரியுமாம்.

நான் போய்ப் பார்த்த இடங்களைப் பற்றி என் அபிப்பிராயம் இது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் கிழக்கே நல்ல இருட்டு, கடல் அல்லவா. உப்பளங்கள் இருப்பதால் தொடுவானம் வரை தடையில்லை. ஆனால் தெற்கே புதுச்சேரியின் வெளிச்சம் நிற்கும், உப்புக் காற்று கண்ணாடி வில்லையில் படியும். இருநோக்கியோடு மட்டும் போகிற இடம்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி வழியாகச் சேத்துப்பட்டு, செஞ்சி வரையிலான பட்டைதான் என் தேர்வு. தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். சென்னை, ஒரகடம், செய்யாறு சிப்காட் எல்லாம் வடக்கு, வடகிழக்கில் போய்விடும். ஏரிக்கரைகள் நிறைய. கரை உயரமாக இருக்கும், எதிரே தண்ணீர், குறுக்கே வீடு கிடையாது. ஆனால் பனியும் கொசுவும் கூடுதல்.

ஒரு முழு இரவு, ஒரு முழு வண்டிச் செலவு இருந்தால் ஜவ்வாது மலை. காவலூர் ஆய்வுக்கூடம் இருப்பது அங்கேதான். வானியலாளர் வேணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார், 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977-இல் யுரேனஸின் வளையங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது காவலூரும் அதைப் பதிவு செய்தது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது, அதற்கு பாப்புவின் பெயர். பொதுமக்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். மலையில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி முக்காலியை விரிக்க முடியாது. பெரும்பகுதி காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி இருக்கக்கூடாது. ஜமுனாமரத்தூர் பக்கம் அறை எடுத்து, அந்த வளாகத்திலேயே விளக்கை அணைக்கச் சொல்லிப் பார்ப்பது உத்தமம்.

ஏலகிரி, ஏற்காடு இரண்டையும் நான் சொல்வதில்லை. மலை என்பதால் இருட்டு என்று அர்த்தமில்லை. ஒன்றில் விடுதி விளக்குகள், இன்னொன்றில் அடிவாரத்திலேயே சேலம்.

லடாக்கின் ஹான்லேயைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியல் ஆய்வுக்கூடம். அதைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். வீட்டு ஜன்னலுக்குத் திரை போடுவதில் தொடங்கி வண்டி விளக்கு வரைக்கும் கட்டுப்பாடு உண்டு. வாழ்நாளில் ஒரு முறை போகலாம். மாதா மாதம் போக நமக்கு வந்தவாசிதான்.

படி 5: நாள் பாருங்கள்

காலண்டரில் அமாவாசையை மட்டும் வட்டம் போடாதீர்கள், நாள் நிறைய இருக்கிறது. தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு நிலா நள்ளிரவு தாண்டித்தான் எழும், அதுவரை வானம் உங்களுடையது. வளர்பிறையிலும் சதுர்த்தி, பஞ்சமி வரை பத்து மணிக்கெல்லாம் மறைந்துவிடும். சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் போனால்தான் வானம் முழுதாக இருட்டும்.

புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி பாதி வரை வடகிழக்குப் பருவமழையை நம்ப முடியாது. தை முதல் சித்திரை வரை நம் பருவம். தையில் போகிப் புகை அடங்கட்டும். மாசி மிக நல்லது. ஆனால் சிவராத்திரிக்கு மறுநாள்தான் பெரும்பாலும் அமாவாசை என்பதால், கோயில் விளக்கும் ஒலிபெருக்கியும் இல்லாத ஊராகப் பாருங்கள். தீபாவளியும் அமாவாசையை ஒட்டியே வருகிறது. வருடத்தின் கும்மிருட்டான இரவுகளில் ஒன்றை நாம் புகையால் நிரப்பிவிடுகிறோம். என்ன செய்வது, நானும் வெடித்தவன்தான்.

பால்வெளியின் மையம்தான் வேண்டும் என்றால் பங்குனி கடைசி, சித்திரை. பங்குனி கடைசியில் நள்ளிரவு தாண்டித் தென்கிழக்கில் ஏறத் தொடங்கி, விடியுமுன் தெற்கே உச்சிக்கு வரும். ஆனி, ஆடியில் முன்னிரவிலேயே இருக்கும், ஆனால் மேகம் விடாது.

படி 6: பகலில் ஒரு தடவை போய் வாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். இருட்டில் புது இடத்துக்குப் போகவே கூடாது. பயப்பட வேண்டியது பேய்க்கு இல்லை, கிணற்றுக்கு. நம் பக்கத்து வயல்களில் கைப்பிடிச் சுவரே இல்லாமல் தரையோடு தரையாக இருக்கும் கிணறுகள் ஏராளம். வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நாலு அடி வைப்பது நம் பழக்கம். அடுத்தது, காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாகப் போடும் மின்வேலி. வரப்பில் இறங்கி நடக்காதீர்கள்.

நிலத்துக்காரரைக் கண்டு பேசுங்கள். சேத்துப்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு களத்துமேட்டைப் பார்த்து நானும் நண்பரும் இறங்கினோம். கையில் திசைகாட்டி. பெரியவர் ஒருவர் மம்முட்டியோடு வந்தார்.

"யாரு சார் நீங்க? பிளாட்டு போட அளக்குறீங்களா?"

"இல்லங்க ஐயா. ராத்திரி நட்சத்திரம் பாக்க எடம் தேடுறோம்."

"நட்சத்திரமா? அத எங்க இருந்து பாத்தாலும் அதேதான?"

"எங்க ஊர்ல தெரியறதில்லங்க ஐயா."

கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். நம்பினாரா தெரியவில்லை. "சரி, வைக்கப்போர் பக்கம் பீடி கீடி பத்த வைக்காதீங்க" என்றார். அன்று ராத்திரி அவரைத்தான் முதலில் தொலைநோக்கியில் கண் வைக்கச் சொன்னோம். வியாழன், பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி. அது வியாழனின் நிலாக்கள் என்றதும், "நாலு நிலான்னா அங்க அமாவாசையே வராதா?" என்று கேட்டார். இன்றுவரை எனக்கு அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வரும் நாளில் மோட்டார் கொட்டகை விளக்கை அவரே அணைத்துவிடுவார். மூன்று மின்விசைக் கம்பம் தள்ளி நகர்வதைவிட அது பெரிய லாபம்.

பகல் பயணத்தில் மற்ற வேலைகள் சின்னவை. டீக்கடையில் விஷயத்தைச் சொல்லி வையுங்கள், ஊருக்கே தெரிந்துவிடும். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை. மணல் திருட வந்தவர்கள், புதையல் தோண்ட வந்தவர்கள் என்ற சந்தேகம் எல்லாம் அதோடு போகும். வண்டியைத் திருப்பி, கிளம்பும் திசையில் நிறுத்த இடம் இருக்கிறதா பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். பெண்கள் இருந்தால் பக்கத்தில் கழிவறை உள்ள வீடு ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைப்பது அவசியம். எங்கள் குழுவில் இதை யோசிக்காமல் விட்டு, ஒரு முறை ஒன்பது மணிக்கே திரும்பினோம்.

படி 7: அந்த இரவு

சூரியன் மறைவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு தடவை வாட்ஸாப் பார்த்தால் அந்த அரை மணி நேரம் பாழ். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். காரின் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், அதை முதலிலேயே அணைத்து வையுங்கள். வெளியூர்க்காரர்களைவிட நம் ஆட்களின் கார் விளக்குதான் எங்கள் இரவுகளை அதிகம் கெடுத்திருக்கிறது.

மங்கலான பொருளை நேரே முறைத்துப் பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்தால் கடைக்கண்ணில் தெரியும். விழித்திரையின் நடுவில் இருட்டுக்கான செல்கள் இல்லை என்பதே காரணம்.

இடம் நல்லதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, மேகம். ஊரில் மேகம் வானத்தைவிட வெளிச்சமாக இருக்கும், கீழிருந்து அடிக்கும் விளக்கால். நல்ல இருட்டில் மேகம் நட்சத்திரங்களுக்கு நடுவே கறுப்புப் பொத்தல் போல நகரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிடம் என்ன என்றே புரியவில்லை. இன்னொன்று, மாசி, பங்குனியில் அந்தி மறைந்த பிறகு மேற்கே கூம்பு போல எழும் மங்கல் வெளிச்சம். ஊர் வெளிச்சம் என்று நினைக்காதீர்கள், கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் படும் சூரிய ஒளி அது. அது தெரிந்தால் அந்த இடத்தை விடாதீர்கள்.

போர்வை, கொசுவத்தி, ஃபிளாஸ்க்கில் டீ, வில்லையில் பனி படிந்தால் துடைக்காமல் உலர்த்த ஒரு சின்ன விசிறி. புதிதாக வருபவர்களுக்கு 7x50 அல்லது 10x50 இருநோக்கியே போதும். தொலைநோக்கி வாங்கும் காசில் பாதியை பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

படி 8: எழுதி வையுங்கள்

இடம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொதுமக்கள் பன்னிரண்டு வருடமாகக் கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகளை வைத்து, இரவு வானத்தின் வெளிச்சம் வருடத்துக்கு 9.6 சதவீதம் கூடுகிறது என்றது. குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்தவை. அந்த வேகத்தில் எட்டு வருடத்தில் இரட்டிப்பு. நம் ஜிஎஸ்டி சாலைக்கு யாராவது கணக்கெடுக்க வேண்டும் என்றால் அது நாம்தான்.

வானத்தின் வெளிச்சத்தை அளக்கக் கையடக்க மீட்டர் கிடைக்கிறது. இயற்கை இருட்டில் அது 22-ஐ ஒட்டிக் காட்டும், எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல். அது இல்லாவிட்டால் கைபேசி போதும். முக்காலியில் வைத்து, தானியங்கி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 15 விநாடி, ஐஎஸ்ஓ 1600 என்று ஒரே அளவில் நாலு திசைக்கும் உச்சிக்கும் ஐந்து படம். அடுத்த வருடம் அதே மாதம், அதே நேரம், அதே கைபேசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சக் குடை எத்தனை முஷ்டி உயரம் என்று திசைவாரியாகக் குறிப்பது அதைவிடச் சுலபம்.

என் நோட்டில் போன மாசிக்கான பக்கம் இப்படி இருக்கிறது:

களத்துமேடு, இரவு 10.10. மேகம் இல்லை. பூசம் தெரிகிறது, திட்டாக. அறுமீனில் ஏழு, மகன் எட்டு என்கிறான். வடகிழக்கே குடை இரண்டு முஷ்டி, போன வருடம் ஒன்றே முக்கால். தெற்கு சுத்தம். மேற்கே ரோட்டோரம் புதுசாக ஒரு ஆர்ச், விளக்கு இன்னும் போடவில்லை.